ஸ்க்வீஜி பிடிக்கப் பட்டம் எதற்கு?

அண்ணா, வணக்கம்.

போன வாரம் மகளின் மேற்படிப்பு பற்றிப் பேச வந்துவிட்டுக் கிளம்பும்போது, அம்மிணியை முன்னால் அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டீர்கள். "என் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் எட்டுப் பேர் ஸ்க்வீஜி பிடித்துத் துணியில் மை இழுக்கிறார்கள். ஒருவர்கூடப் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதே வேலைக்கு இவளுக்கு நான்கு வருடப் பட்டமா?" வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. சிரித்துச் சமாளித்து அனுப்பிவிட்டேன். அது சிரித்துத் தள்ளுகிற கேள்வி இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பம். அவள் ஓவியக் கல்லூரியில் 'கிராபிக்ஸ்' படிக்க வேண்டும் என்று சொன்னதைக் கம்ப்யூட்டர் வேலை என்று எடுத்துக்கொண்டு, அதற்குத் திருப்பூரிலேயே ஆறு மாதக் கோர்ஸ் இருக்கிறதே என்றீர்கள். ஓவியக் கல்லூரிகளில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள். மரத்திலோ செம்பிலோ கல்லிலோ கையால் படம் வெட்டி, மை பூசி, தாளில் அழுத்தி எடுப்பதைத்தான் அங்கே அப்படிச் சொல்வார்கள். பிரிண்ட்மேக்கிங் என்றும் அச்சோவியம் என்றும் சொல்வதும் இதையே. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி மண்டல மையம் இருக்கிறது. அங்கே கிராபிக்ஸ் கூடம் எது என்று கேட்டால் உருளை வைத்த அச்சு இயந்திரங்கள் இருக்கும் அறைக்குத்தான் கூட்டிப்போவார்கள்.

அந்தக் கலையை நீங்கள் வாரந்தோறும் விரலால் தொடுகிறீர்கள். சனிக்கிழமை சம்பளம் எண்ணும்போது ஓர் 500 ரூபாய்த் தாளை எடுத்து, காந்தி படத்தின் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பாருங்கள். சொரசொரப்பாக மேடு தட்டும். தகட்டில் வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, மேலே ஒட்டியதைத் துடைத்துவிட்டு, கடும் அழுத்தத்தில் தாளை வைத்து அழுத்தினால் தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை அள்ளிக்கொண்டு வரும். அந்த மேடு அப்படி வந்தது. திம்பம் மலை ஏறி அந்தப் பக்கம் போனால் மைசூரு. அங்கே நோட்டு அச்சகம் ஒன்று இயங்குகிறது.

இந்தப் பள்ளம் வெட்டும் வேலையை ஐரோப்பாவில் ஓவியர்கள் கண்டுபிடிக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாடுகளின் பொற்கொல்லர்கள்தான் நகைக்கும் வெள்ளிப் பாத்திரத்துக்கும் பூவேலை வெட்டிய அதே கூர் உளியால் செம்புத் தகட்டில் படம் வெட்டத் தொடங்கினார்கள். நம் ஊர்ப் பாத்திரக் கடை வாசலில் சீர்ப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுகிறவருக்கு இவர்கள் தூரத்துப் பங்காளிகள். புகழ்பெற்ற அச்சோவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1471இல் நியூரம்பர்க்கில் ஒரு பொற்கொல்லருக்குப் பிறந்தார். அப்பாவின் பட்டறையில்தான் கை பழகினார். அவர் வெட்டிய அச்சுகளை மனைவி ஆக்னஸ் சந்தைகளுக்குக் கொண்டுபோய் விற்றார். வெனிஸில் ஒருவர் டியூரரின் படங்களை அவருடைய முத்திரை எழுத்தோடு சேர்த்து அப்படியே நகலெடுத்து விற்றதாகவும், படத்தை நகலெடுக்கலாம், முத்திரையைப் போடக்கூடாது என்று அங்கே தீர்ப்பானதாகவும் 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். டிசைன் திருட்டைப் பற்றித் திருப்பூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கவசம் செய்கிறவர்கள் இரும்பில் அலங்காரம் அரிக்க ஆசிட் பயன்படுத்தினார்கள். ஆக்ஸ்பர்க் நகரத்து டேனியல் ஹோப்ஃபர் 1500ஐ ஒட்டி அதைத் தகட்டு அச்சுக்குக் கொண்டுவந்தார். அதுதான் எட்சிங். தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு பூசி, ஊசியால் கீறி, ஆசிட்டில் போட்டால் கீறிய இடத்தை மட்டும் அது தின்னும். உளியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, பேனா பிடித்து எழுதுவது போலக் கோடு ஓடும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் ஏறத்தாழ 300 தகடுகளை இப்படிச் செய்தார்.

கல் அச்சின் கதை இன்னும் வேடிக்கையானது. அலாய்ஸ் செனஃபெல்டர் மியூனிக்கில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். நாடகங்களை அச்சிடக் கையில் காசில்லை. மலிவான வழி தேடிக்கொண்டிருந்த 1796இல், சலவைக்குப் போடும் துணிக் கணக்கை எழுதிவைக்கச் சொன்னார் அம்மா. தாள் கைக்கு எட்டவில்லை. பக்கத்தில் கிடந்த சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பிசுக்குள்ள மையால் எழுதினார். அங்கிருந்து, எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்தே அச்சிடும் வித்தை பிறந்தது. இன்று சிவகாசியில் ஓடும் ஆஃப்செட்டும் அதன் பேரப்பிள்ளைதான். ரவி வர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் வீட்டுக்கு வீடு அனுப்பியதும் இந்தக் கல் முறையில்தான். ஒரு நிறத்துக்கு ஒரு கல். நான்கு கலர் டிசைனுக்கு நான்கு ஸ்கிரீன் போட்டு, ரிஜிஸ்டர் விலகாமல், நிறத்துக்கு நிறம் சரியாகப் பொருந்தும்படி இறக்குவது எத்தனை பாடு என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் கல்லைத் தூக்கித் தூக்கி அதைச் செய்தார்கள்.

இனி உங்கள் எட்டுப் பேருக்கு வருகிறேன்.

ஜப்பானில் ஹொகுசாயின் பெரிய அலைப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். டீ-சர்ட்டில்கூட வருகிறது, உங்கள் மேசையிலேயே அச்சாகியிருக்கலாம். 1831 வாக்கில் வந்த மரப்பலகை அச்சு அது. ஹொகுசாய் வரைந்தார், அவ்வளவுதான். பலகையை வெட்டியவர் வேறு, மை தேய்த்து அச்சிட்டவர் வேறு, முதல் போட்டு விற்ற பதிப்பாளர் வேறு. அப்படியே நம் ஊர் ஜாப் ஒர்க். பெயர் மட்டும் வரைந்தவருக்குப் போயிற்று. 1904இல் யமமோட்டோ கனே என்ற இளைஞர் ஒரு மீனவரின் படத்தைத் தானே வரைந்து, தானே பலகை வெட்டி, தானே அச்சிட்டார். மூன்று பேர் வேலையை ஒருவரே செய்தால், வெட்டும்போதே படம் மாறும், அச்சிடும்போதும் மாறும். அங்கிருந்து ஒரு இயக்கமே கிளம்பியது. உங்கள் எட்டுப் பேரும் மூன்றாவது ஆள். கைத்திறனில் அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. அம்மிணி மூன்று பேராகவும் இருக்க ஆசைப்படுகிறாள். நான்கு வருடம் அதற்குத்தான்.

ஸ்கிரீன் பிரிண்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1930களில் அமெரிக்க ஓவியர்கள் அதைக் கையில் எடுத்தபோது, விளம்பரப் பலகைக்காரர் வேலை என்று கலைக்கூடங்கள் முகம் சுளித்தன. அதைக் கடை அச்சிலிருந்து பிரித்துக்காட்ட, கார்ல் ஸிக்ரோசர் என்ற கலை நிபுணர் 'செரிகிராஃப்' என்று புதுப் பெயரே வைத்தார். பிறகு 1962இல் ஆண்டி வார்ஹோல் நடிகை மர்லின் மன்றோவின் முகத்தை ஐம்பது முறை ஸ்கிரீனில் இறக்கினார், சில முகங்களில் மை அப்பியும் சிலவற்றில் வறண்டும். உங்கள் பட்டறையில் அதை ரிஜெக்ட் கூடையில் போட்டிருப்பீர்கள். நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.

அடுத்தது எண்ணிக்கை. பத்தாயிரம் பீஸ் ஆர்டர் வந்தால் உங்களுக்கு மகிழ்ச்சி. அச்சோவியர் 20 அச்சு எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார், பிறகு அச்சிட முடியாதபடி தகட்டின் குறுக்கே கோடு கீறிவிடுவதும் உண்டு. ஒவ்வொரு அச்சின் கீழும் பென்சிலில் 7/20 என்பதுபோல் எழுதிக் கையெழுத்திடுவார். மொத்தம் இருபதில் இது ஏழாவது என்று பொருள். முதன்முதலில் ஒரு கண்காட்சியில் இதைப் பார்த்தபோது, இருபதுக்கு ஏழு மதிப்பெண் போட்ட படத்தை ஏன் மாட்டிவைத்திருக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டேன். வாத்தியார் வீட்டுப் பெண் புத்தி.

நம் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. கிருஷ்ணா ரெட்டி, 1925இல் சித்தூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் படித்து, சென்னை கலாக்ஷேத்ராவில் ஓவியம் கற்பித்து, பாரிஸில் ஹேய்ட்டர் என்ற அச்சோவியர் நடத்திய 'அட்லியே 17' அச்சுக் கூடத்துக்குப் போனார். பல நிறத்துக்குப் பல தகடு என்ற வழக்கத்தை அங்கே உடைத்தார்கள். ஒரே தகடு, மேடும் பள்ளமுமாக. ஒரு மையில் எண்ணெய் கூட்டி நீர்க்க வைப்பார்கள், இன்னொன்றைக் கெட்டியாக விடுவார்கள். மெத்தென்ற உருளை பள்ளம்வரை இறங்கும், கடினமான உருளை மேட்டோடு நின்றுவிடும். மையின் பதம் சரியாக இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. ஒரே அழுத்தில் அத்தனை நிறமும் தாளுக்கு வந்துவிடும். பேஸ்ட் கெட்டியாகிவிட்டது என்று நீங்கள் தினமும் போடும் சத்தத்திலிருந்து ஒரு கலைமுறையே எடுத்திருக்கிறார்கள், அண்ணா.

சரி, சோறு போடுமா? அச்சு விற்று மட்டுமே வாழ்கிறவர்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. பழைய பெரியவர்களுக்கும் இதே பாடுதான். ஸ்பெயினில் ஓவியர் கோயா 1799இல் 80 அச்சுகள் கொண்ட தொகுப்பை விற்பனைக்கு வைத்தார். முப்பது தொகுப்புகூட விற்கவில்லை. 1803இல் தகடுகளையும் விற்காத பிரதிகளையும் அரசரிடம் ஒப்படைத்து, பதிலுக்குத் தன் மகனுக்கு உதவித்தொகை வாங்கிக்கொடுத்தார். கலகக்காரரும் ஒரு தகப்பன்தானே.

அதனால் அம்மிணி ஒரு கையில் அச்சும் மறு கையில் ஒரு வேலையுமாகத்தான் நடக்க வேண்டியிருக்கும். எனக்கு நம்பிக்கை உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, கற்பிப்பது. முதுகலை முடித்து, யுஜிசி நெட் தேர்வைக் காட்சிக்கலைப் பாடத்தில் எழுதினால் கல்லூரி ஆசிரியராகலாம். இன்னொன்று, ஜவுளி அச்சு டிசைன். இங்கே ஏற்றுமதி நிறுவனங்களில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவர்கள் நிறைய. அது துணியில் எப்படி விழும் என்று கையால் அறிந்தவர்கள் குறைவு. அரசு நாணயச் சாலைகள் எப்போதாவது 'என்கிரேவர்' பணிக்கு ஆள் எடுப்பதுண்டு, நுண்கலைப் பட்டம் கேட்பார்கள். இடங்கள் விரல்விட்டு எண்ணும்படிதான், அதை நம்பிப் படிக்க வைக்காதீர்கள்.

படிப்பு என்றால் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி முதலில். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய இடம். கும்பகோணத்திலும் அரசுக் கல்லூரி இருக்கிறது. செய்முறை ஓவியத் தேர்வு உண்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் நம்பிப் போக முடியாது. இப்போதிருந்தே தினம் கோட்டோவியம் போட வேண்டும். முதுகலைக்கு பரோடா, சாந்திநிகேதன், ஹைதராபாத் பல்கலைக்கழகம் மூன்றிலும் அச்சோவியம் தனிப் பிரிவாகவே உண்டு. 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்தியப் பண்பாட்டு அமைச்சகம் இரண்டு ஆண்டு உதவித்தொகை தருகிறது, அச்சோவியத்துக்கும் சேர்த்து.

பலர் பெற்றோரிடம் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. ஓவியம் படித்தவன் கல்லூரியை விட்டு வந்தால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தும் வரையலாம். அச்சோவியம் படித்தவளுக்கு இயந்திரம் வேண்டும். பட்டம் வாங்கிய அன்றே அது கையை விட்டுப் போய்விடும். இரண்டு வருடம் முயன்று பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிறவர்கள் பெரும்பாலும் திறமை இல்லாமல் போவதில்லை, அச்சிட இடம் இல்லாமல் போகிறார்கள். உங்கள் வீட்டில் அந்தக் குறை இல்லை. ஸ்கிரீன், மேசை, மை, கழுவும் தொட்டி எல்லாம் இருக்கிறது. எட்சிங் இயந்திரம் என்பது இரண்டு உருளை, நடுவில் ஓடும் ஒரு பலகை, மேலே கம்பளி விரிப்பு, சுற்றுவதற்கு ஒரு சக்கரம். கரும்புச் சாறு பிழியும் இயந்திரத்தைப் பெரிதாக்கிப் படுக்க வைத்தது போல. கோவையில் வரைபடம் கொடுத்தால் செய்யாத லேத் பட்டறையா? பொறியியல் சீட்டுக்கென்று எடுத்துவைத்த பணத்தில் பாதியைத் தொடாமல் அதற்கு வைத்திருங்கள். ஆசிட் வேலை மட்டும் பட்டறைக்குள் வேண்டாம். காற்றோட்டமான தனிக் கொட்டகையில் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மேசையை அவளிடம் விடுங்கள். இரண்டு நிறத்தில் ஒரு படம், ரிஜிஸ்டர் விலகாமல் இருபது தாள், இருபதும் ஒன்றுபோல. யாரும் உதவக்கூடாது. ஆறாவது தாளில் சலித்துக்கொண்டு எழுந்துவிட்டால் அவளுக்குத் தூரிகைதான் சரி, ஓவியப் பிரிவில் சேர்ப்போம். இருபதாவதையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள் என்றால் எனக்கு ஒரு போன் செய்யுங்கள், விண்ணப்ப வேலையைத் தொடங்கலாம்.

இன்னொன்று. அன்றைக்கு அவள் காட்டிய லினோ அச்சு, மெத்தென்ற லினோலியத்தில் வெட்டி எடுத்தது, என் மேசையிலேயே தங்கிவிட்டது. இரவு ஷிப்டில் ஒருவர் குனிந்து ஸ்க்வீஜி இழுக்கும் படம். மேசையில் கிடக்கும் பனியனின் எழுத்து நேராக விழுந்திருக்கிறது. அப்படியென்றால் லினோவில் அதை இடம் வலம் மாற்றி வெட்டியிருக்கிறாள், ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. குனிந்திருப்பவரின் வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. உங்களுக்கும் அப்படித்தான் இறங்கியிருக்கும், வாசலில் கவனித்தேன். கீழே பென்சிலில் 2/5 என்று எழுதியிருக்கிறாள். மற்ற நான்கும் யாரிடம் இருக்கின்றன என்று அவளிடம் கேட்டுச் சொல்லுங்கள்.