மண்டைக்குள் ஓடும் வீடு: வாசகியர் கேள்வி பதில்

? என் கணவர் எதைச் சொன்னாலும் செய்துவிடுவார். ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறதே! பால் தீர்ந்ததா, மகளுக்கு நாளைக்கு வெள்ளை யூனிஃபார்மா, மாவு இருக்கிறதா என்று ஆபீஸிலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. ‘லிஸ்ட் போட்டுக் கொடு’ என்கிறார். லிஸ்ட் போடுவதே தனி வேலையாகிவிட்டது. (வாசகி, ஈரோடு)

லிஸ்ட் கேட்பவர் கையை மட்டும் கொடுக்கிறார், மண்டை உங்களுடையதுதான். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த மண்டை உழைப்பை நான்காகப் பிரித்தார்: வரப்போகும் தேவையை முன்பே உணர்வது, வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. முடிவெடுக்கும்போது கணவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வேலையும் கடைசி வேலையும்தான் பெரும்பாலும் மனைவி தலையில்.

நம் வீட்டு இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை ஏழு மணிக்கு இட்லி வேண்டும். மாவு புளிக்க எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஞாயிறு இரவு ஒன்பதுக்குள் உப்புப் போட்டுக் கரைத்தாக வேண்டும். கிரைண்டரில் உளுந்தும் அரிசியும் அரைபட ஒரு மணி நேரம், அதற்கு முன் ஊற நான்கு மணி நேரம். அதாவது மாலை நான்கு மணிக்கே நான்கு டம்ளர் இட்லி அரிசியும் ஒரு டம்ளர் உளுந்தும் தண்ணீரில் கிடக்க வேண்டும். டப்பாவில் உளுந்து இருக்கிறதா என்பது காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். மார்கழிக் குளிர் என்றால் இன்னும் இரண்டு மணி நேரம் கூட்டுங்கள். உங்கள் கணவர் ‘உதவி’ என்று செய்வது நடுவில் உள்ள அந்த ஒரு மணி நேர அரைப்பை. மிச்சப் பகல் முழுக்கச் சுமப்பது நீங்கள்.

ஆகவே அரைக்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். ‘மாவு’ என்ற இலாகாவையே கொடுங்கள். உளுந்து வாங்குவது, ஊறப்போடுவது, கிரைண்டர் கழுவுவது, தீர்வதற்குள் அடுத்ததற்கு ஏற்பாடு, எல்லாம் சேர்த்து. குழந்தைகள் தூங்கிய பிறகு அரைமணி நேரம் உட்கார்ந்து ஒன்றே ஒன்றைப் பேசி முடியுங்கள்: எது நடந்தால் போதும்? ‘வாரம் இரண்டு முறை மாவு, ஏழேகாலுக்குத் தட்டில் டிபன். கடை மாவானாலும் சரி.’ இது போதும். எப்படிச் செய்வது என்பது அவர் பாடு. முதல் மாதம் இரண்டு இலாகாவுக்கு மேல் வேண்டாம். அடிக்கடி வருவதாகவும், தவறினால் பெரிய நஷ்டம் இல்லாததாகவும் பார்த்துக் கொடுங்கள். மாவும் யூனிஃபார்மும் நல்ல தொடக்கம். குழந்தையின் மருந்தை ஒத்திகைக்கு விட வேண்டாம்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில். ஞாயிறு நான்கு மணிக்கு அரிசி ஊறவில்லை என்று தெரிந்ததும், ‘என்னங்க, அரிசி...’ என்று வாய் வரும். அந்த ஒரு வார்த்தையில் கண்காணிப்பு உங்களிடமே திரும்பிவிடும். திங்கட்கிழமை உப்புமா சாப்பிடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ‘வெந்தயம் எங்கே இருக்கு?’ என்பது அடுத்த தொல்லை. டப்பாக்களில் பேர் எழுதி ஒட்டிவிட்டு, பிறகு பதில் சொல்லாதீர்கள். இட்லி கல்லாக வந்தால் பழைய உளுந்தோ, தண்ணீர் போதாமலோ இருக்கும். அதையும் அவரே கண்டுபிடிக்கட்டும்.

? பள்ளி வாட்ஸ்அப் குழு, தடுப்பூசித் தேதி எல்லாம் என் போனில்தான். அவரிடம் ஒப்படைத்தால் மறந்துவிடுவாரோ என்று பயம். (வாசகி, மதுரை)

போனிலிருந்தே தொடங்குங்கள். பள்ளி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து முதல் தொடர்பு எண்ணாக அவர் எண்ணைப் பதியச் சொல்லுங்கள். குழுவில் அவர் சேர்ந்ததும் நீங்கள் வெளியேறிவிட வேண்டும். இருவரும் இருந்தால் படிப்பது நீங்களாகத்தான் இருப்பீர்கள். அவர் ஒவ்வொரு மெசேஜையும் உங்களுக்கே ஃபார்வேர்டு செய்தால், அது ஒப்படைப்பு இல்லை, தபால் வேலை.

தடுப்பூசிக்கு நினைவாற்றல் தேவையில்லை. பிறந்த தேதியை வைத்து ஒரே உட்காரலில் எல்லாவற்றையும் அவர் போன் காலண்டரில் ஏற்றிவிடலாம். அரசு அட்டவணைப்படி 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 முதல் 24 மாதத்துக்குள் பூஸ்டர், பிறகு 5 வயது, 10 வயது, 16 வயது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்பு ஒன்று, அன்று காலை ஒன்று என இரண்டு அலாரம். வைட்டமின் ஏ சொட்டு மருந்து 9-ஆம் மாதத்தில் தொடங்கி, ஒன்றரை வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை. எளிதில் தவறிவிடக்கூடியது ஒன்றரை வயது பூஸ்டர். 9 மாதத்துக்குப் பின் நீண்ட இடைவெளி, குழந்தையும் ஓடியாடுகிறது, அட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது. தவறிவிட்டால் பதற வேண்டாம். முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

? ‘நாங்கள் எல்லாம் வளர்க்கவில்லையா?’ என்கிறார் மாமியார். என்ன பதில் சொல்வது? (வாசகி, திருச்சி)

வளர்த்தார், உண்மைதான். ஓடிபி, ஃபீஸ் ஆப், ராத்திரி ஒன்பது மணிக்கு வரும் ‘நாளை சார்ட் பேப்பர் கொண்டுவரவும்’ இவையெல்லாம் இல்லாமல் வளர்த்தார். வாதாட வேண்டாம். பள்ளி விட்டு வந்ததிலிருந்து ஆறு மணி வரை முழுப் பொறுப்பும் அவருக்கே என்று கொடுத்துவிடுங்கள். என்ன பலகாரம், எப்போது விளையாட்டு என்பதும் அவர் முடிவு. முறுக்குக்குப் பதில் பிஸ்கட் கொடுத்தார் என்று குறை சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

? பிரசவமாகி மூன்று மாதம். குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எதையோ மறந்துவிட்டேன் என்று மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது. (வாசகி, சென்னை)

இதை வேலைப்பளு என்று மட்டும் தள்ளிவிடக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய அழுகையும் கலக்கமும் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மூன்று மாதத்திலும் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்ப்பதே சரி. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க உதவும் எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் தமிழிலும் உண்டு. கடந்த ஏழு நாள் மனநிலையைத்தான் கேட்கும், ஐந்து நிமிடம் ஆகாது. கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் அது ரத்தசோகை. பிரசவத்துக்குப் பிறகான ஒரு வருடத்துக்குள் தைராய்டு ஏறி இறங்குவதும் உண்டு, அதுவும் படபடப்பாகத் தெரியும். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காத்திருக்க வேண்டாம். உடனே வீட்டில் ஒருவரிடம் சொல்லி மருத்துவமனைக்குப் போங்கள், தனியாக இருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மானஸில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஒரு வேளைப் பாலைப் பிழிந்து வைத்துவிட்டால் அந்த முறை கணவருடையது. 25 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் இருக்கும் என்ற கணக்கைச் சென்னை வெயிலில் நம்ப வேண்டாம். பிழிந்தவுடன் ஃபிரிட்ஜின் உள்பக்கம் வையுங்கள், கதவில் வேண்டாம். கொடுக்கும்போது பாத்திரத்தோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும், அடுப்பிலோ மைக்ரோவேவிலோ கூடாது. டாக்டரிடம் டோக்கன் போடுவதும், அன்று லீவு சொல்வதும், பரிசோதனை முடிவை வாங்கி வருவதும் அவர் வேலை. நாள் நெருங்கினால் நீங்கள் நினைவூட்ட வேண்டாம்.