எட்டு மாதமாக ஒரே கண்ணில் பீளை: சொட்டு மருந்து ஏன் கேட்கவில்லை?

பர்மாவின் மோல்மேனிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார்: “அம்மாவுக்கு 63 வயது. இடது கண்ணில் மட்டும் எட்டு மாதமாக நீர் வடிகிறது, மூக்கோரம் பீளை கட்டுகிறது. கடையில் வாங்கிய சொட்டு மருந்தைப் போட்டால் நாலு நாள் சுகம். நிறுத்தினால் மறுபடியும் வந்துவிடுகிறது. முகத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசுவதுதான் காரணமா?”

தனக்கா மீது பழி வேண்டாம், அம்மா. அது உறுத்தினால் இரண்டு கண்ணும் சிவக்கும். ஒரே கண், மாதக்கணக்கு, போய்ப் போய் வரும் பீளை என்றால் நான் முதலில் கண்ணீர்க் குழாயைத்தான் பார்ப்பேன்.

அம்மாவை வெளிச்சத்தில் உட்காரவைத்து, கீழிமையை லேசாக இழுத்துப் பாருங்கள். மூக்கை ஒட்டிய ஓரத்தில் ஊசிமுனை அளவு துளை ஒன்று இருக்கும். கண்ணீர் அதன் வழியாகத்தான் மூக்குக்கு இறங்குகிறது. அது சிவந்து, உதட்டைக் குவித்ததுபோல் உப்பியிருக்கிறதா? நீங்கள் அமுக்காதீர்கள். மருத்துவர் அமுக்கும்போது சீழோடு மஞ்சள் ரவை மாதிரி மணிகள் வந்தால் நோய் ஏறக்குறையப் பிடிபட்டுவிட்டது.

அந்த மணிகள் பெரும்பாலும் ஆக்டினோமைசிஸ் என்ற பாக்டீரியாவின் திரள். நம் வாயிலேயே சாதாரணமாகக் குடியிருக்கும் கிருமி, காற்று குறைந்த இடத்தில் செழிக்கும். சுமார் 10 மில்லிமீட்டர் நீளமுள்ள அந்த இருட்டுக் குழாய் அதற்கு நல்ல வசதி. இழை இழையாகப் பின்னிக்கொண்டு கல்லாக இறுகிவிடும். இந்த இழைகளைப் பார்த்துத்தான் அந்தக் காலத்து மருத்துவர்கள் இதைப் பூஞ்சைக் காளான் என்றே நினைத்தார்கள். சொட்டு மருந்து வெளியில் இருக்கும் கிருமியைக் கொல்லும், கல்லுக்குள் இறங்காது. உங்கள் அம்மாவின் நாலு நாள் சுகம் அதனால் வந்ததுதான்.

ஆகவே மருந்தை மாற்றி மாற்றிப் போடுவது வீண். இடத்தை மரக்கவைத்து, துளையைச் சற்றே கீறி, மணிகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் மிஞ்சினாலும் திரும்ப வரும். பென்சிலின் இதற்கு நன்றாகக் கேட்கும். அது ஒத்துக்கொள்ளாத உடம்பு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். எடுத்ததைக் காற்றுப்படாத முறையில் வளர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வர இரண்டு வாரம்கூட ஆகலாம். அபூர்வமாக அங்கே கட்டியும் இருக்கக்கூடும் என்பதால், எடுத்ததை நுண்ணோக்கியில் பார்க்கும் திசுப் பரிசோதனையையும் விட்டுவிடக் கூடாது.

எனக்குக் கவலை அந்தக் கடைச் சொட்டுதான். புட்டியில் டெக்ஸாமெத்தசோன் என்றோ பிரட்னிசலோன் என்றோ இருந்தால் ஸ்டீராய்டு கலந்தது. மாதக்கணக்கில் போட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பே கெடலாம், கண்புரையும் வரலாம். இதுவரை போட்ட புட்டிகளை எல்லாம் மருத்துவரிடம் கொண்டுபோங்கள், கண் அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இமை வீங்கி மூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, பார்வை மங்கினாலோ, கண்ணை அசைத்தால் வலித்தாலோ அன்றைக்கே கிளம்புங்கள். உங்கள் ஊரில் வசதி இல்லையென்றால் ரங்கூன் கண் மருத்துவமனைக்குப் போகலாம்.