பிடித்த தீம் பார்க்குக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்தால் சீக்கிரம் அலுத்துவிடுமா?

தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு வேலை மாற்றலாகி வருகிறீர்கள், டிஸ்னிலேண்டுக்கு நடந்தே போகும் தூரத்தில் ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைத்திருக்கிறீர்கள், “ரெண்டு மாசத்துல சலிச்சுடும், பேசாம இர்வைன் பக்கம் போயிடுங்க” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கேள்வியின் சாரம் இதுதானே? அந்த யாரோ நம்மவராகத்தான் இருப்பார். எங்களிடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நாங்கள் கேட்கவில்லை. டிஸ்னிலேண்ட் இருக்கும் அனஹைமிலேயே வீடு எடுத்தோம், இன்றுவரை இங்கேயேதான் இருக்கிறோம். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் கடக்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, குழந்தையைவிட உங்களுக்குத்தான் அந்த இடத்தின் மேல் ஆசை அதிகம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அலுக்காது. ஆனால் இன்று எதை நினைத்து ஆசைப்படுகிறீர்களோ அது மாறிவிடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு நாள் டிக்கெட்டே 100 டாலருக்கு மேல். விமானச் செலவு, ஹோட்டல் செலவு வேறு. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கேட் திறக்கும் முன்பே வந்து நின்று, ராத்திரி வரை ஓடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானும் முதல் தடவை அப்படித்தான் ஓடினேன். பக்கத்தில் குடிவந்த பிறகு அந்த ஓட்டம் தானாக நின்றுவிடும். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி, ஏதாவது ஒன்றில் ஏறிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒன்றிலுமே ஏறாமல் நடந்துவிட்டு வந்த நாட்களும் உண்டு. பிடித்த ரைடைப் பராமரிப்புக்காக மூடிவிட்டால், எட்டு மணி நேரம் பறந்து வந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம். நமக்கு அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்பதோடு முடிந்துவிடும்.

இப்படி வாழ்வது எல்லா பார்க்கிலும் நடக்கிற காரியம் இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955 ஜூலை 17-ல் திறக்கப்பட்டபோது இது 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோப்பில் கட்டிய பார்க். அதற்கு மேல் நிலம் வாங்க வால்ட் டிஸ்னியிடம் பணம் இல்லை. சுற்றிலும் மற்றவர்கள் மோட்டல் கட்டினார்கள், கடை கட்டினார்கள், வீடு கட்டினார்கள். அது அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஃபுளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரை வாங்கிப் போட்டார்கள். அங்கே வெளி உலகம் பார்க்கின் வாசலுக்கு வரவே முடியாது. இங்கே ஹார்பர் புலிவார்டில் சிக்னலைக் கடந்தால் நடைபாதை நேராக வாசலுக்குப் போகிறது. அவருக்கு அன்று குறையாகப் பட்டது எதுவோ அதனால்தான் என்னைப் போன்ற ஒருத்தி இன்று வேலை முடிந்து, செருப்பை மாற்றிக்கொண்டு, நடந்தே போய் வர முடிகிறது.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

என் அப்பா ரயில்வேயில் நீராவி எஞ்சினில் நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் ஃபயர்மேனாகச் சேர்ந்து, டீசல் எஞ்சின் டிரைவராக ஓய்வு பெற்றவர். எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தார். முழங்கால் வலி, கூட்டம் பிடிக்காது, சத்தமான இசை பிடிக்காது. அவரை டிஸ்னிலேண்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றதும் என் கணவருக்கே தயக்கம். “மாமாவுக்கு அங்க என்னம்மா இருக்கு?” என்றார். அப்பாவும், “நீங்க போயிட்டு வாங்கம்மா, நான் வீட்ல இருக்கேன்” என்றுதான் சொன்னார்.

டிஸ்னிலேண்டில் நுழைந்ததும் எதிரே இருக்கும் செங்கல் கட்டடம் ஒரு ரயில் நிலையம். பார்க்கைச் சுற்றி மூன்றடி அகலப் பாதையில் நிஜமான நீராவி ரயில் ஓடுகிறது. பல பேர் அதைக் கால் வலிக்கு உட்காரும் இடமாகத்தான் பார்க்கிறார்கள். அப்பா படியேறிப் பிளாட்பாரத்துக்கு வந்தபோது ஒரு வண்டி கிளம்பத் தயாராக நின்றது. நேராக எஞ்சின் நிற்கும் நுனிக்கு நடந்தார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, “கரி வாசனையே இல்லையே, எண்ணெயா?” என்றார். எண்ணெய்தான். இந்த எஞ்சின்கள் பயோடீசலில் ஓடுகின்றன. டிஸ்னிலேண்ட் ரிசார்ட்டின் சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயையும் அதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

கேபின் உள்ளே ஃபயர்மேன் தலையைச் சாய்த்து எதையோ பார்த்தார். “கேஜ் கிளாஸ்ல தண்ணி மட்டம் பாக்குறான், பாரு” என்றார் அப்பா. அடுத்து அந்த மனிதர் கை எங்கே போகும் என்று முன்கூட்டியே சொன்னார். சொன்ன இடத்துக்குத்தான் கை போனது. பாய்லருக்குத் தண்ணீர் அனுப்பும் இன்ஜெக்டர் திறந்த சத்தம் கேட்டதும் தன் உள்ளங்கையைத் தொடையில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். வேலையில் இருந்த காலத்தில் அவர் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. வேலையில் அவரை நான் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. என் நினைவில் அப்பா என்றால் ராத்திரி டியூட்டிக்குப் போகிறவர், பகலில் தூங்குகிறவர், சத்தம் போடாதே என்று அம்மா அதட்டுவதற்குக் காரணமானவர்.

ஐந்து எஞ்சின்கள் உண்டு. முதல் இரண்டை டிஸ்னி நிறுவனமே செய்தது, மற்ற மூன்றும் பால்ட்வின் கம்பெனி செய்தவை. அதில் மூன்றாம் எண், ஃபிரெட் கர்லி, 1894-ல் செய்யப்பட்டது. லூசியானாவில் கரும்புத் தோட்டத்தில் கரும்பு இழுத்துக்கொண்டிருந்த எஞ்சின். அதைச் சொன்னதும் அப்பா, “எங்க தாத்தா பொறக்கிறதுக்கு முன்னாடி” என்று மட்டும் சொன்னார். பிறகு அன்றைக்கு ஓடுவது அதுதானா என்று பார்க்க அடுத்த வண்டி வரும்வரை நின்றார். அது இல்லை. நாளைக்கு வரலாமா என்று கேட்டார். வரலாம் என்றேன். பக்கத்தில் குடியிருப்பதன் முழுப் பலனும் அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது, நம்புங்கள்.

அப்படித்தான் அந்த ஆறு மாதமும் போனது. பையனையும் கூட்டிக்கொண்டு போவோம். ஒரு சுற்று வர சுமார் 20 நிமிடம். நியூ ஆர்லியன்ஸ் ஸ்கொயர் ஸ்டேஷனில் ஒரு தந்திக் கருவி கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். வால்ட் டிஸ்னி திறப்பு நாளில் பேசிய உரையின் ஆரம்ப வரிகள் அவை. அதைத் தாண்டினால் கடைசிப் பகுதியில் இருட்டுக்குள் கிராண்ட் கேன்யன் காட்சி, பிறகு டைனோசர்கள். 1964-ல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்து பிறகு இங்கே கொண்டுவந்தவை. பையன் டைனோசருக்காகக் காத்திருப்பான், அப்பா வண்டி ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். முழங்கால் வலித்தால் அன்றைக்கு அதோடு சரி, வீட்டுக்கு வந்துவிடுவோம். ஒரு நாள் டிக்கெட் எடுத்து வந்திருந்தால் அவரை இழுத்துக்கொண்டு பார்க் முழுக்க அலைந்திருப்போம், சாயங்காலம் அவர் “இனிமே வேண்டாம்மா” என்றிருப்பார். இப்போதும் போனில் பேசும்போது, “இன்னிக்கு எது ஓடுச்சு?” என்றுதான் ஆரம்பிக்கிறார்.

இதைப் படித்துவிட்டு, “பணம் இருக்கு, பேசுறீங்க” என்று யாராவது வருவார்கள். அவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பெரிய வீட்டில் இல்லை. இர்வைனில் இருக்கும் நண்பர்கள் பள்ளிக்கூடத்தின் பெயருக்காக வாடகையில் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறார்களோ, அதைவிடக் குறைவாகத்தான் பார்க்குக்குள் போக நாங்கள் எடுக்கும் வருடப் பாஸுக்குப் போகிறது. கலிஃபோர்னியாவில் வசிப்பவர்கள் பாஸுக்கு மாதத் தவணையில் கட்டலாம். அது அவரவர் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருந்தால் உங்கள் முடிவும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

“அது குழந்தைங்க போற இடம், பெரியவங்களுக்கு என்ன வேலை?” என்பவர்களுக்கும் ஒன்று. லாஸ் ஏஞ்சலஸ் கிரிஃபித் பார்க்கில் மகள்கள் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தான் மட்டும் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து அனுபவிக்க ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் வந்ததாக வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். பெரியவர்களை வெளியே உட்காரவைக்கக் கட்டிய இடமே இல்லை அது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு உறவில் பேசியது என்ன தெரியுமா? “பொண்ணு வீட்டுல பேரனைப் பாத்துக்க ஆள் இல்ல, அதான் கூட்டிட்டுப் போயிருக்கா.” இன்னொருவர், “பொண்ணு வீட்டுல போய் ஆறு மாசம் உக்காரலாமா?” என்று அவரிடம் நேராகவே கேட்டிருக்கிறார். இதே அப்பா என் அண்ணன் வீட்டில் வருஷக்கணக்கில் இருந்தபோது யாருக்கும் கேள்வி வரவில்லை. அங்கேயும் பேரனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மகன் வீட்டில் செய்தால் பாசம், மகள் வீட்டில் செய்தால் ஆயா வேலை, இது என்ன நியாயம்? பேரனை மடியில் வைத்துக்கொண்டு பிஸ்டன் எப்படி வேலை செய்கிறது என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டிய மனிதரை வேலைக்காரர் என்று சொல்ல எப்படி மனசு வந்ததோ தெரியவில்லை. அவர் அந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்தாராம். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

சரி, தொந்தரவுகள். மறைக்காமல் சொல்கிறேன்.

வாணவேடிக்கை பெரும்பாலும் இரவு ஒன்பதரைக்கு. கோடையிலும் விடுமுறைக் காலங்களிலும் தினமும் இருக்கும், கூட்டம் குறைந்த மாதங்களில் வார இறுதியில் மட்டும். மேலே காற்று பலமாக இருந்தால் ரத்து. 2004 முதல் அழுத்தப்பட்ட காற்றால் வெடிகளை மேலே ஏவுகிறார்கள், அதனால் ஏவும்போது எழும் புகை குறைந்தது. வானத்தில் வெடிக்கிற சத்தம் குறைய வழியில்லை. எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருந்தபோது, ஜன்னல் சட்டத்தில் இருந்த இடைவெளியை அடைத்துத் தரச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் எத்தனையோ முறை கேட்டும் அவர் அசையவில்லை. நாங்களே ரப்பர் பட்டை வாங்கி ஒட்டினோம். பையன் பழகிவிட்டான். எதிர்வீட்டு நாய் இன்றுவரை பழகவில்லை.

ட்ரோன் வைத்திருந்தால் மறந்துவிடுங்கள். 2003 முதல் பார்க்கைச் சுற்றி மூன்று கடல் மைல் வட்டத்தில், 3,000 அடி உயரம் வரை பறக்கத் தடை இருக்கிறது. பிறந்தநாளுக்கு வந்த ட்ரோனைப் பையன் காரில் ஏறி வேறு ஊருக்குப் போய்த்தான் பறக்கவிடுகிறான்.

நினைத்த நேரத்தில் உள்ளே போகலாம் என்று நான் எழுதியதையும் கொஞ்சம் திருத்திப் படிக்க வேண்டும். பழைய வருடாந்திரப் பாஸை 2021 ஜனவரியில் நிறுத்திவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்ட்டில் மேஜிக் கீ என்று கொண்டுவந்தார்கள். அதில் முன்பதிவு வேண்டும். விலை குறைந்த பாஸ்களுக்கு அனுமதி இல்லாத நாட்கள் நிறைய. பக்கத்தில் இருப்பவர்களுக்கு இதிலும் ஒரு வசதி. கடைசி நேரத்தில் யாராவது ரத்து செய்து இடம் காலியானால், அப்போதே கிளம்ப நம்மால்தான் முடியும்.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது. ரிசார்ட்டில் வேலை செய்பவர்கள் 30,000 பேருக்கு மேல். பள்ளி வாசலில், துவைக்கும் கடையில், பேருந்தில் பக்கத்தில் நிற்பவர்களில் பலர் அவர்கள்தான். கொரோனாவுக்காக 2020 மார்ச் 14-ல் மூடி 2021 ஏப்ரல் 30-ல் திறக்கும்வரை, மற்றவர்கள் “பார்க் இல்லையே” என்று வருத்தப்பட்டார்கள், எங்கள் தெருவில் சம்பளம் இல்லையே என்று தவித்தார்கள். மூடியிருந்த நேரத்தில் டாய் ஸ்டோரி என்ற ரிசார்ட் பார்க்கிங்கில் தடுப்பூசி முகாம் போட்டார்கள். பக்கத்தில் குடியிருந்தால் அந்த இடத்தின் கஷ்ட காலமும் நம்முடையதாகிவிடும். அதற்குத் தயாராக இருந்தால் வாருங்கள்.

வீட்டுக்கு ஒப்பந்தம் போடும் முன் ஒன்று செய்யுங்கள். பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். அன்றைக்கு வாணவேடிக்கை உண்டா என்று பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு அந்த வீட்டின் படுக்கையறையில் ஜன்னல்களை மூடிக்கொண்டு நின்று கேளுங்கள். குழந்தை தூங்கப்போகும் அறை பார்க்கைப் பார்த்த பக்கமாக இருந்தால், அதே கட்டடத்தில் பின்பக்க வீடு காலியாக இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.