கேரேஜில் உட்கார்ந்தால் நாவலில் மனம் ஒட்டவில்லையா?

கிளட்ச் வேலைக்குக் காரை விட்டுவிட்டு மூன்று மணி நேரம் இருந்தும் பத்துப் பக்கம்கூட நகரவில்லை என்கிறீர்கள். குறை உங்கள் கவனத்தில் இல்லை. எப்போது கூப்பிடுவார்களோ என்ற எதிர்பார்ப்புதான் படிக்க விடுவதில்லை.

கிளட்சில், கியர்பாக்ஸை இறக்கிய பிறகே டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் என்ற கிளட்ச் பாகங்கள் எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்று தெரியும். அதுவரை மெக்கானிக் உங்களைத் தேட வாய்ப்பு குறைவு, எனவே நாவலை முதலிலேயே திறந்துவிடுங்கள். எவ்வளவு நேரத்தில் இறக்குவார்கள் என்று வண்டியை விடும்போதே கேட்டு, அதற்கு அலாரம் வையுங்கள். அலாரம் அடித்ததும் நான்கைந்து பக்கச் சிறுகதைகளுக்கு மாறுங்கள். பாகம் மாற்றவா, ஃப்ளைவீலை (கிளட்ச் டிஸ்க் உரசும் எஞ்சின் சக்கரம்) கடைந்து சமமாக்கவா என்ற கேள்விகள் அப்போதுதான் வரும். பிரேக் சத்தம் போன்ற கோளாறு என்றால் வரிசை தலைகீழ்: சோதனை முதலில் நடப்பதால் கேள்விகளும் முதலிலேயே வந்துவிடும். ஆயில் மாற்ற மட்டும் என்றால் ஒரு சிறுகதை போதும்.

போனில் படிப்பதானால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டாம். ஒவ்வொரு வரிக்கும் பெரிதாக்கி நகர்த்தியே சலித்துவிடும். எழுத்தளவை மாற்ற முடிகிற ஈபப் கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். நட்டு கழற்றும் ஏர் கன் சத்தத்துக்கு ஃபோம் காதடைப்பான் நல்லது. அதை மெல்லியதாக உருட்டி, காதின் மேல்பக்கத்தை இழுத்துப் பிடித்துச் செருகி, விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். போனை வைப்ரேட்டில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள், பையில் வேண்டாம்.