வீமனுக்கு வயது போய்விட்டதா, நோகிறதா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கிறோம். மீள்குடியேறி வந்து கொட்டிலில் இருந்த காலத்தில், 2012இல், நாய்க்குட்டியாக வந்தவன் எங்கள் வீமன். கச்சான் தோட்டத்தில் இரவிரவாகப் பன்றி கலைத்தவன். போன மாரியில் இருந்து பின்காலைக் கெந்துகிறான். விடிய எழும்பக் கஷ்டப்படுகிறான், வெயில் ஏறினால் கொஞ்சம் நடக்கிறான். போன கிழமை சின்ன மகன் இடுப்பில் கை வைக்க உறுமினான். ஒருநாளும் அப்படிச் செய்யாதவன். இரண்டு இரவு அரைப் பனடோல் கொடுத்தேன். பக்கத்து வீட்டு அக்கா புரூபன் கொடுக்கச் சொல்கிறா. மாமா, அதற்கு வயது போய்விட்டது, குளக்கட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்:

தங்கச்சி, முதலில் புரூபன் கதையை முடித்துவிடுவோம். கொடுக்க வேண்டாம். அரைக் குளிசையும் வேண்டாம், காலும் வேண்டாம். புரூபனில் இருக்கும் இபுபுரோபென், மூட்டு நோவுக்கு நாங்கள் விழுங்கும் டைக்ளோபினாக் எல்லாம் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். நாலு நாள் டைக்ளோபினாக் கொடுத்த பிறகு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்த ஒரு நாயை நினைத்தால் இன்றைக்கும் மனம் கனக்கும். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனது. காப்பாற்ற முடியவில்லை. கொடுத்தவர் அந்த நாயில் உயிராக இருந்தவர்.

நீங்கள் கொடுத்த பனடோலையும் இதோடு நிறுத்துங்கள். நாய்க்குச் சில வேளை நாங்களே அதை எழுதிக் கொடுப்பதுண்டு. ஆனால் நிறை பார்த்து, ஈரல் நிலை பார்த்துத்தான். கூடினால் ஈரலைத் தின்றுவிடும். வீட்டில் பூனை இருந்தால் அதற்கு ஒரு துண்டுகூடக் காட்டக் கூடாது, செத்துப்போகும். நோவெண்ணெய், பாம் பூசுவதும் வேண்டாம். பலவற்றில் ஆஸ்பிரின் வகையைச் சேர்ந்த மருந்து கலந்திருக்கிறது. பூசிய இடத்தை நாய் நக்கும், அது வயிற்றுக்குள் போகும்.

இனி வீமனைப் பற்றி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் மூட்டுவாதம் போலத்தான் தெரிகிறது. படுத்து எழும்பினால் விறைப்பு, நடக்க நடக்க இளகுவது, குளிருக்குக் கூடுவது எல்லாம் அதன் குணம். மூட்டுக்குள் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்கக் குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்து மூட்டு அழற்சியாகிவிட்டால் ஒவ்வோர் அடியும் நோகும். மாமா சொல்வது பாதி சரி, வயதோடு வருவதுதான். ஆனால் மகன் கை வைத்தபோது வீமன் உறுமியது வயதால் இல்லை, அந்த இடம் நொந்ததால். தேய்ந்த குருத்தெலும்பை நாங்கள் திருப்பிக் கொண்டுவர முடியாது. நோவைக் குறைக்கலாம், நன்றாகவே குறைக்கலாம்.

நாய் நொந்தால் கத்தும் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் கத்தாது. நாளை விடிய வீமன் எழும்பும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். முன்கால் இரண்டையும் ஊன்றி நெஞ்சைத் தூக்குவான். பின்பக்கம் ஒரு முறை அசைந்து அப்படியே திரும்ப இருந்துவிடும். காதைப் பின்னுக்கு மடித்து, வேறு எங்கோ பார்ப்பது போல இருப்பான். பிறகு இன்னொரு தரம். பின்தொடை இரண்டையும் இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள், கெந்துகிற பக்கத்துத் தசை மெலிந்திருக்கும். ஒரு மூட்டையே நக்கி நக்கி அந்த இடத்து மயிர் செம்பட்டையாகி இருந்தால் நோவு அங்கேதான். எழும்புவதையும் நடப்பதையும் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். வைத்தியரிடம் வந்தால் பயத்தில் நாய்கள் நோவை மறந்து விறுவிறென்று நடக்கும், எங்களுக்கு ஒன்றும் விளங்காது. அந்த ஒரு நிமிட வீடியோ பெரிய உதவி.

உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். மாடு, ஆட்டுக்குத்தான் அது என்று எங்கள் சனம் நினைக்கிறது. நாய்க்கும் பார்ப்பார்கள். கெந்துவதெல்லாம் மூட்டுவாதமும் இல்லை. எங்கள் பக்கம் உண்ணி கூட; உண்ணிக் காய்ச்சலும் மூட்டை நோகப்பண்ணும். காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் பாருங்கள், முரசு வெளிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். திடீரென்று ஒரு பின்காலை நிலத்தில் வைக்காமல் விட்டால் முழங்கால் நார் அறுந்திருக்கலாம். பாதம் மடங்கி, நகத்தின் மேற்பக்கம் நிலத்தில் தேய்ந்திருந்தால் அது நரம்புச் சிக்கல். அதைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே சொல்லுங்கள்.

மூட்டுவாதம் என்றால், நோவைக் குறைக்க மெலொக்சிகாம், கார்ப்ரோபென் போன்ற மருந்துகளை நாய்க்கென்ற அளவில் தருவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகுதான் கொடுக்க வேண்டும். அதோடு வேறு நோக்குளிசை சேர்க்கக் கூடாது. சத்தி, சாப்பிட மனமின்மை, கறுப்பு மலம், இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள். "ஒரு ஊசி போட்டுவிடுங்கோ ஐயா" என்று கேட்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. போட்டது ஸ்டிராய்ட் ஊசி என்றால், அதற்கு மேல் இந்தக் குளிசைகள் சேரக் கூடாது, வயிறு ஓட்டையாகிவிடும். ஆகவே என்ன ஊசி என்று கேட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு நாள் போலக் கொடுத்த பனடோலையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மருந்து ஒரு பாதி என்றால் மற்றப் பாதி உங்கள் கையில் இருக்கிறது. வீமன் கொழுத்தவனா? நீங்கள் எழுதவில்லை. ஓடித் திரிந்த நாய் படுத்துவிட்டால், அதே அளவு சோறு கொழுப்பாகத்தான் ஏறும். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், அழுத்தித் தேட வேண்டியிருந்தால் நிறை கூட. நெல் நிறுக்கும் தராசில் அவனைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள். கழித்தால் அவன் நிறை. மாதம் ஒருமுறை இப்படிப் பார்க்கலாம். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களைக் குட்டியில் இருந்து சாகும் வரை கவனித்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். சோடி சோடியாகப் பிரித்து, ஒவ்வொரு சோடியிலும் ஒன்றுக்கு 25 வீதம் குறைத்து உணவு கொடுத்தார்கள். குறைத்துத் தின்றவை ஏறக்குறைய 2 வருடம் கூட வாழ்ந்தன, அவற்றுக்கு மூட்டுவாத மருந்து தேவைப்பட்டதும் பிந்தித்தான். வயதான நாய்க்கு இதைவிட மலிவான மருந்து எனக்குத் தெரியாது.

அதற்காகப் பட்டினி போட வேண்டாம். சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டுங்கள். முல்லைத்தீவுக் கரையில் இருந்து வரும் சூடை, சாளை நல்லது, அந்த மீன்கொழுப்பு மூட்டழற்சியைக் கொஞ்சம் தணிக்கும். வெறுந்தண்ணீரில் அவித்து, பெரிய முள்ளை எடுத்துவிட்டுக் கொடுங்கள். கறிச் சட்டியைக் கழுவி ஊற்ற வேண்டாம், வெங்காயமும் உள்ளியும் நாய்க்கு ஆகாது.

படுக்கைதான் நான் கூடுதலாகச் சொல்ல விரும்புவது. வீட்டுத்திட்ட வீடென்றால் சீமெந்து நிலமாக இருக்கும். மார்கழி, தையில் அந்த நிலம் ஐஸ் மாதிரி. வெறும் நிலத்தில் இரவு முழுக்கக் கிடந்தவன் விடிய எப்படி எழும்புவான்? இரண்டு உரப் பைக்குள் வைக்கோலைத் திணித்துத் தைத்து, மேலே பழைய சேலையை நாலாக மடித்துப் போடுங்கள். கீழே ஒரு பலகை வைத்தால் ஈரம் ஏறாது. கிழமைக்கு ஒருக்கால் வெயிலில் காயப் போடுங்கள், வைக்கோலை அடிக்கடி மாற்றுங்கள், இல்லாவிட்டால் உண்ணி குடியேறும். படலை தெரிகிற இடத்தில் போடுங்கள். பன்றிச் சத்தம் கேட்டால் அவன் இன்னும் எழும்பத்தான் பார்ப்பான். இருளில் ஓடித் தேடாமல் இருந்த இடத்தில் இருந்தே குரைக்கட்டும்.

விறாந்தைப் படிக்கு ஒரு பலகையைச் சாய்த்து, மேலே சாக்கை ஆணி அடித்து விடுங்கள். மினுங்கும் நிலத்தில் அவன் போகும் பாதைக்கும் சாக்குப் போட்டால் வழுக்காது. எழும்ப ஏலாத நாளில் பழைய சாரம் ஒன்றை அடிவயிற்றுக்குக் கீழே, பின்கால்களுக்கு முன்பாகக் கொடுத்து, இரண்டு தலைப்பையும் மேலே பிடித்து மெல்லத் தூக்குங்கள். பாரம் உங்கள் கையில், நடை அவனுடையது. விடியற்காலையில் சுடுதண்ணீர் ஊற்றிய போத்தலைத் துவாயால் சுற்றி, இடுப்பில் பத்து நிமிடம் வையுங்கள். முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துச் சூடு பாருங்கள். நடை தேவை, நிறுத்திவிட்டால் மூட்டு இன்னும் இறுகும். ஒரேயடியாகக் குளம் வரை கூட்டிப்போகாமல் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு மூன்று தரம். நகம் வளர்ந்திருந்தால் வெட்டுங்கள். நடக்காத நாய்க்கு நகம் தேயாது, நீண்ட நகம் பாதத்தைச் சரிக்கும்.

மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். வீமனைப் பின்னால் இருந்து தொடாமல், முன்னால் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கழுத்தையும் நெஞ்சையும் தடவட்டும். படுத்திருக்கும்போது கிட்டப் போக வேண்டாம். உறுமியதற்கு அடித்துவிடாதீர்கள். அடிவாங்கிய நாய் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். விசர்நாய்த் தடுப்பூசி தவறாமல் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

குளக்கட்டு வேண்டாம், தங்கச்சி. மாமாவைக் குறை சொல்ல மாட்டேன். வன்னியில் 2009இல் முடிந்த போரில் இடம்பெயர்ந்தபோது, படலையைத் திறந்து நாயை அவிழ்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தவர்கள் நாங்கள் எத்தனை பேர்! அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு இருக்கிறது. எழும்ப ஏலாத நாயைக் குளக்கட்டில் விட்டால் அது பசியால் சாகும், அல்லது மற்ற நாய்கள் கிழிக்கும். அதுவரை வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். மாமாவிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள்.

அந்த இரண்டு மாதமும் சுவரில் கலண்டரில் குறித்து வாருங்கள். தானாக எழும்பி, தின்று, வெளியே போய்ச் சிறுநீர் கழித்த நாளுக்கு ஒரு வட்டம். முடியாத நாளுக்கு ஒரு புள்ளடி. வட்டம் கூடினால் மருந்தும் படுக்கையும் வேலை செய்கிறது. மருந்தும் எடுத்து, எல்லாம் செய்தும் புள்ளடியே கூடிக்கொண்டு போனால் வைத்தியரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நோகாமல் நித்திரையாக்கும் ஊசி இருக்கிறது. அந்த நாள் வந்தால் அவன் படுக்கையிலேயே, உங்கள் மடியில் தலையை வைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். இப்போதைக்கு அதை யோசிக்க வேண்டாம். வெயில் ஏற நடக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அவனிடம் இன்னும் நிறைய வட்டங்கள் இருக்கின்றன.