ஒரு நிமிஷ எம்ஆர்ஐ ஸ்கேனை நம்பலாமா?

அப்பாவுக்கு 71 வயசு, வருஷா வருஷம் மூளை சுருங்குதான்னு பாக்க அந்த ஒரு நிமிஷ ஃபாஸ்ட் ஸ்கேன் போதுமான்னு கேட்டிருக்கீங்க. ஒரே ஒரு தடவை எடுத்தா எனக்கு நம்பிக்கை இல்ல, அதையே நாலஞ்சு தடவை எடுத்தா கதையே வேற.

ஞாபகத்துக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸ், வயசானவங்களுக்கு நோய் இல்லாமலே வருஷத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல சுருங்கும், அல்சைமர்ங்கிற மறதி நோய்னா 4 சதவீதம் பக்கம் போகும், ஆனா அதே ஆளை மறுநாளே திரும்ப ஸ்கேன் பண்ணாலும் அளவு கொஞ்சம் முன்னபின்னதான் வரும், அப்போ எது சுருக்கம் எது அளவுப் பிசகுன்னு எப்படிப் பிரிப்பீங்க? முள்ளு ஆடுற தராசு மாதிரிதான், நாலு தடவை நிறுத்து சராசரி போட்டா தற்செயலான பிசகு பாதியாயிடும். ஹார்வர்டுல மூளை ஆராய்ச்சியாளர் ராண்டி பக்னர் குழு இப்படித்தான் குட்டி ஸ்கேனா நிறைய எடுத்து, ஒரே வருஷத்துல ஆளுக்கு ஆள் வர்ற மாற்றத்தைப் பாத்தாங்க.

இன்னொரு வசதி, அஞ்சாறு நிமிஷ ஸ்கேன்ல நடுவுல இருமினா மொத்தப் படமும் கெட்டுரும், குட்டி ஸ்கேன்னா கெட்டுப்போன அந்த ஒண்ணை மட்டும் தூக்கிப் போட்டுக்கலாம் (தலை ஆடினா மூளை மெலிஞ்ச மாதிரி வேற காட்டும்!).

ஆனா மெஷினையோ சாஃப்ட்வேரையோ மாத்திட்டாங்கன்னா எத்தனை சராசரி போட்டாலும் அந்தப் பிசகு போகாது, அதனால ஒரே சென்டர், ஒரே மெஷின். மறதி இருந்தா பி12, தைராய்டு டெஸ்ட்டையும் டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க.