பழைய கம்ப்யூட்டருக்கு சீரியல் கார்டு: வாங்கும் முன்னும் மாட்டிய பின்னும்

கேள்வி: எங்கள் எடைமேடையில் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. பின்பக்கம் இருந்த ஒரே காம் போர்ட் (9 பின் சீரியல் இணைப்பு) வேலை செய்யவில்லை. எடை இண்டிகேட்டரை இணைக்க சீரியல் கார்டு வாங்க வேண்டும். கடையில் கேட்டால் எல்லாக் கார்டும் ஒன்றுதான் என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் கேஸைத் திறந்து பாருங்கள். கார்டே தேவைப்படாமல் போகலாம். பின்பக்கம் ஒரு காம் போர்ட் மட்டும் உள்ள பல மதர்போர்டுகளில் இரண்டாவது போர்ட்டுக்கான ஹெட்டர் போர்டின் ஓரத்தில் இருக்கும். இரண்டு வரிசையாக 9 பின், பத்தாவது இடம் காலி, பக்கத்தில் 'காம்2' என்ற அச்சு. அதற்கு ஒரு பிராக்கெட் கேபிள் (ஹெட்டரிலிருந்து பின்பக்கத்துக்கு 9 பின் கனெக்டரைக் கொண்டுவரும் கேபிள்) போதும், கார்டைவிட விலை மிகவும் குறைவு.

ஆனால் அந்தக் கேபிளில் இரண்டு விதமான ஒயரிங் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். மாற்றி மாட்டினால் போர்ட் செத்தது போலவே கிடக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையைக் கேஸில் தொட்டு, மறுமுனையால் 1-ஆம் பின் இருக்கும் வரிசையைச் சோதியுங்கள். அந்த வரிசையின் கடைசி, அதாவது ஐந்தாவது பின் கிரவுண்டு என்றால், ரிப்பன் கேபிளை அப்படியே இரு முனையிலும் அழுத்தி மாட்டிய வகை வேண்டும். மூன்றாவது பின் கிரவுண்டு என்றால், ஹெட்டரின் எண்ணும் 9 பின் கனெக்டரின் எண்ணும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்தும் வகை வேண்டும். கடைக்காரரிடம் இதைச் சொல்லி, அவர் மீட்டரிலேயே சரிபார்த்து வாங்குங்கள்.

ஹெட்டர் இல்லையா? அப்படியானால் கார்டுதான். ஸ்லாட்டைப் பாருங்கள்: பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் சுமார் 8.5 செ.மீ. நீளம் என்றால் பிசிஐ, இரண்டரை செ.மீ. நீளக் குட்டி ஸ்லாட் என்றால் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. எக்ஸ்1 கார்டை நீளமான எக்ஸ்16 ஸ்லாட்டிலும் மாட்டலாம். பிசிஐ கார்டும் எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டும் ஒன்றுக்கொன்று சேராது. கம்ப்யூட்டர் ஒல்லியான கேஸ் என்றால் அரை உயர பிராக்கெட் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். தனியாக அது கிடைப்பது கஷ்டம்.

அட்டைப்பெட்டியில் என்ன பெயர் இருந்தாலும், நடுவில் உள்ள பெரிய சிப்பின் எண்தான் கார்டு. பிசிஐ-யில் வழக்கமாகக் கிடைப்பவை மாஸ்சிப் எம்சிஎஸ்9835, எம்சிஎஸ்9865, டபிள்யூசிஎச் சிஎச்352, சிஎச்353. எக்ஸ்பிரஸில் சிஎச்382, எம்சிஎஸ்9900 வகைகள். 128 அல்லது 256 பைட் பஃபர் (வந்த எழுத்துகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்பார்கள். எடை இண்டிகேட்டர் பெரும்பாலும் 9600 வேகத்திலோ அதற்கும் கீழேயோ விநாடிக்குச் சில வரிகள்தான் அனுப்புகிறது. 16 பைட் பஃபரே தாராளம். அந்தப் பணத்தை நல்ல கேபிளில் போடுங்கள்.

வாங்குமுன் அந்தச் சிப் எண்ணுக்கு எக்ஸ்பி டிரைவர் இருக்கிறதா என்று சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பார்த்து, வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் உள்ள பழைய பிரவுசரில் இன்றைய தளங்கள் பல திறக்காது. கார்டோடு வரும் குட்டி சிடியை நம்பிப் போனால் அதைப் போட டிரைவ் இருக்காது.

கேள்வி: கார்டு மாட்டினேன். காம்5 என்று வருகிறது. எங்கள் சாஃப்ட்வேரில் காம்1, காம்2 மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடிகிறது.

பதில்: டிவைஸ் மேனேஜரில் 'போர்ட்ஸ்' பகுதியைத் திறந்து, அந்தப் போர்ட்டின் பிராப்பர்ட்டீஸ், போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு என்று போனால் காம் எண்ணை மாற்றும் பட்டியல் இருக்கும். காம்1 ஏற்கெனவே மதர்போர்டின் செத்த போர்ட்டிடம் இருந்தால், முதலில் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் செட்டிங் பக்கம்) அந்தப் போர்ட்டை 'டிசேபிள்' செய்துவிட்டு வந்து மாற்றுங்கள். சில எண்களுக்குப் பக்கத்தில் 'இன் யூஸ்' என்று நிற்கும். எப்போதோ செருகிய யூஎஸ்பி கேபிளோ மோடமோ பிடித்து வைத்த எண் அது. அந்தச் சாதனம் இன்று உங்களிடம் இல்லையென்றால் தயங்காமல் அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம்.

எண்ணை எப்போதும் 9-க்குள் வைத்துக்கொள்ளுங்கள். காம்10 முதல் விண்டோஸில் போர்ட்டைத் திறக்கும் முறையே வேறு. பழைய புரோகிராம்கள் அதை அறியாமல் 'போர்ட் இல்லை' என்று சொல்லிவிடும்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி நின்றால் அதன் பிழை எண்ணைப் படியுங்கள். 28 என்றால் டிரைவர் போடவில்லை. 12 என்றால் முகவரியோ ஐஆர்க்யூவோ (கார்டு கம்ப்யூட்டரின் கவனத்தை அழைக்கும் லைனின் எண்) கிடைக்கவில்லை. பயாஸில் பயன்படாத போர்ட்டுகளை மூடுங்கள், கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். பழைய ஸ்லாட்டில் கார்டே தெரியவில்லை என்றால் கார்டின் தங்க நிற விளிம்பை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டி ஸ்குரூவை முடுக்குங்கள். ஸ்குரூ போடாமல் விட்டால் கேபிளின் எடையே கார்டை ஒரு பக்கம் தூக்கிவிடும்.

கேள்வி: டாஸில் (விண்டோஸுக்கு முந்தைய இயக்க முறைமை) மட்டும் ஓடும் ஒரு புரோகிராம் இருக்கிறது. பிசிஐ கார்டைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறது. கார்டு பழுதா?

பதில்: கார்டில் குறை இல்லை. டாஸ் புரோகிராம்கள் விண்டோஸைக் கேட்டு நடப்பவை அல்ல. நேராகச் சிப்பின் முகவரிக்கே போகும். காம்1 என்றால் 3எஃப்8, ஐஆர்க்யூ 4; காம்2 என்றால் 2எஃப்8, ஐஆர்க்யூ 3. பிசிஐ கார்டுக்கு பயாஸ் தருவதோ முற்றிலும் வேறு முகவரி. புரோகிராம் வழக்கமான வாசலில் தட்டிக்கொண்டே நிற்கும்.

முகவரியையும் ஐஆர்க்யூவையும் கையால் எழுத புரோகிராமின் செட்டிங்கில் இடம் இருந்தால் பிசிஐ கார்டே போதும். இல்லையென்றால் மதர்போர்டின் சொந்த போர்ட் அல்லது ஹெட்டர், அதுவும் இல்லாத பழைய இயந்திரமானால் ஐஎஸ்ஏ (பிசிஐ-க்கு முந்தைய ஸ்லாட் வகை) கார்டு. 32 பிட் எக்ஸ்பிக்குள் டாஸ் ஜன்னலில் ஓட்டினால் இன்னொரு வழி உண்டு. அங்கே விண்டோஸே ஒரு போலி காம்1-ஐக் காட்டும். பிசிஐ போர்ட்டுக்குக் காம்1 என்று எண் கொடுத்தால் பல புரோகிராம்கள் ஓடிவிடும். 64 பிட் விண்டோஸில் இந்த வசதி கிடையாது. டாஸைப் போலவே நடக்கும் டாஸ்பாக்ஸ் என்ற புரோகிராமில் உண்மையான போர்ட்டை இணைத்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஐஎஸ்ஏ கார்டில் ஜம்பர்தான் (இரண்டு பின்களைச் சேர்க்கும் குட்டி மூடி) எல்லாம். மதர்போர்டில் காம்1, காம்2 இரண்டும் இருந்தால், கார்டைக் காம்3-க்கு, அதாவது 3ஈ8-க்கு வையுங்கள். வழக்கப்படி காம்3-க்கும் ஐஆர்க்யூ 4 என்று அட்டவணையில் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். ஐஎஸ்ஏவில் இரண்டு கார்டுகள் ஒரே ஐஆர்க்யூவைப் பகிர முடியாது. காம்1-இல் மவுஸும் காம்3-இல் மோடமும் வைத்து, மோடம் டயல் செய்ததும் மவுஸ் உறைந்துபோவதற்கு இதுதான் காரணம். ஐஆர்க்யூ 5 காலியாக இருந்தால் அதைக் கொடுங்கள். சவுண்டு கார்டு இருந்தால் பெரும்பாலும் அது 5-ஐப் பிடித்திருக்கும். தேர்ந்த எண்ணை பயாஸின் பிஎன்பி/பிசிஐ பக்கத்தில் 'லெகஸி ஐஎஸ்ஏ' என்று ஒதுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அதையே ஒரு பிசிஐ கார்டுக்குக் கொடுத்துவிடும். காம்4-இன் 2ஈ8 முகவரியைத் தவிர்ப்பது நல்லது. எஸ்3 போன்ற சில பழைய வீடியோ கார்டுகள் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

பழைய ஐஎஸ்ஏ கார்டு வாங்கும்போது சிப்பில் 16550ஏ என்று இருக்கிறதா பாருங்கள். 8250, 16450 இரண்டிலும் பஃபர் கிடையாது. 115200 வேகத்தில் ஓர் எழுத்து சுமார் 87 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை வந்து விழும்; கம்ப்யூட்டர் அதற்குள் எடுக்காவிட்டால் அடுத்தது மேலே விழுந்து அழித்துவிடும். சிப் 40 கால் சாக்கெட்டில் இருந்தால் பிடுங்கிவிட்டு 16550ஏ-ஐப் பொருத்தலாம், கால்கள் ஒன்றே. ஏ இல்லாத வெறும் 16550 வேண்டாம். அதன் பஃபர் பிழையோடு வெளிவந்தது.

கேள்வி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் திரையில் எடை வரவில்லை. கார்டா, கேபிளா, இண்டிகேட்டரா?

பதில்: பாதியாகப் பிரித்துச் சோதியுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, கார்டின் 9 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு சிறு ஒயரால் சேருங்கள். எக்ஸ்பியில் ஹைப்பர்டெர்மினலைத் திறந்து, ஃப்ளோ கன்ட்ரோலை 'நன்' என்று வைத்துத் தட்டச்சு செய்யுங்கள். எழுத்து திரும்பி வர வேண்டும். ஒயரை எடுத்ததும் நிற்க வேண்டும். எடுத்த பிறகும் எழுத்து வந்தால் லோக்கல் எக்கோ (தட்டியதைப் புரோகிராமே திரையில் காட்டுவது) ஆனில் இருக்கிறது, சோதனை செல்லாது.

திரும்பி வரவில்லையென்றால் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 5-க்கும் 3-க்கும் இடையே அளக்கவும். சும்மா இருக்கும்போது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை ஏதாவது காட்ட வேண்டும். பூஜ்யம் என்றால் லைன் டிரைவர் சிப் (கேபிளுக்கு வோல்ட் தரும் சிப்) போயிருக்கும். பிசிஐ, ஐஎஸ்ஏ கார்டுகளில் இன்னொரு சந்தேகமும் உண்டு. அவற்றில் பல ஸ்லாட்டில் வரும் மைனஸ் 12 வோல்ட்டை அப்படியே பயன்படுத்துகின்றன. பவர் சப்ளையில் அந்த ஒரு லைன் மட்டும் செத்திருந்தால் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடும், கார்டு மட்டும் பேசாது. கார்டை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

கார்டு பாஸானால் இண்டிகேட்டரின் கனெக்டரை அளக்கவும். அதன் 2-ஆம் பின் மைனஸ் காட்டினால் நேர் கேபிள். 3-ஆம் பின் காட்டினால் 2-ஐயும் 3-ஐயும் குறுக்கே மாற்றிய கேபிள். எடைக்குப் பதில் குப்பை எழுத்துகள் வந்தால் வேகமோ பாரிட்டியோ தவறு. இண்டிகேட்டரின் செட்டிங்கைப் பார்த்து அதையே கம்ப்யூட்டரிலும் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: கடை பில்லிங் கருவிகளுக்கென்று வரும் சில கார்டுகளில் 9-ஆம் பின்னில் 5 அல்லது 12 வோல்ட் தரும் ஜம்பர் இருக்கும். மாட்டுமுன் அதை வெறும் 'ரிங்' நிலைக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: யூஎஸ்பி-சீரியல் கேபிள் இதைவிட மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: எக்ஸ்பி அல்லது அதற்குப் பிந்தைய விண்டோஸ் புரோகிராம், ஒரே ஓர் இண்டிகேட்டர் என்றால் வாங்குங்கள். டாஸுக்கு வேண்டாம். பழைய அல்லது போலி பிஎல்2303 சிப் உள்ள கேபிளைப் புதிய டிரைவர் ஏற்காமல் பிழை எண் 10 காட்டும். எஃப்டிடிஐ சிப் உள்ளதில் தாமதம் தெரிந்தால் அட்வான்ஸ்டு பக்கத்தில் லேட்டன்சி டைமரை 16-இலிருந்து 1 ஆக்குங்கள். எப்போதும் ஒரே யூஎஸ்பி துளையில் செருகுங்கள், துளை மாறினால் காம் எண்ணும் மாறலாம்.

கேள்வி: பட்டறையில் சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும்) மெஷினுக்கு ஃபைல் அனுப்பும் போர்ட் அடிக்கடி எரிகிறது. நல்ல கார்டு எது?

பதில்: எந்தக் கார்டு போட்டாலும் எரியும். மெஷினும் கம்ப்யூட்டரும் வெவ்வேறு எர்த்தில் இருந்தால் வித்தியாசம் முழுவதும் சீரியல் கேபிளின் கிரவுண்டு ஒயர் வழியாகத்தான் ஓடும். இடையில் ஓர் ஆப்டிகல் ஐசொலேட்டர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளி வழியே சிக்னலைக் கடத்தும் கருவி) போடுங்கள். கேபிளை 15 மீட்டருக்குள் முடியுங்கள், இரண்டு பக்கமும் மின்சாரம் இல்லாதபோது மட்டும் கழற்றி மாட்டுங்கள். மெஷினில் இருப்பது ஃபானுக் நிறுவனத்தின் கன்ட்ரோல் என்றால் 25 ஒயரும் இணைத்த கேபிளை வாங்கவே கூடாது: அந்தக் கன்ட்ரோலின் 25 பின் கனெக்டரில் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் வருகிறது. அந்தக் கனெக்டரின் 2, 3, 7 மட்டும் இழுத்து, மெஷின் பக்கத்தில் 4-5 ஐயும், 6-8-20 ஐயும் சேர்த்துவிட்டால் போதும்.

கேள்வி: ஆன்லைனில் எம்சிஎஸ்9865 என்று போட்டு விற்றார்கள். வந்தது வேறு சிப். 'திருப்பி எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், சிப்பின் எண் தெரியும் படம் மூன்றையும் வைத்து முதலில் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் நேரில் வாங்கும்போது பில்லிலேயே சிப் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 'சீரியல் கார்டு 1' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து வாதாடுவது கடினம்.